சேதத்துக்குக் காரணம்

ஞாயிறு, பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. விவாகரத்து ஆகி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் மருமகள் என்று எழுதலாமா என்று ஒவ்வொரு தடவையும் பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்கிறேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியாததால் அதையே எழுதிவிடுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம்தான் என்று வாலு சொன்னாள்.

அப்பாவிடம் வந்திருந்த இந்த இரண்டு நாளும் வாலு நன்றாகச் சாப்பிட்டாள். தலைக்குக் குளிப்பாட்டிச் சிக்கெடுத்து அனுப்பியிருக்கிறேன். இடது பக்கம் சிக்கு ரொம்ப. காலையில் நீ அவசரமாக வாரிவிடுகிறாய் என்று நினைக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் லேப்டாப். சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூட வேலை இருக்கிறது என்று அதைத் திறந்து பித்தானை அமுக்கிவிட்டு உட்கார்ந்தாள். நான் ஒரு வாளித் துணியை அலசிப் பிழிந்து மாடியில் காயப்போட்டுவிட்டு வந்தேன். திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "என்னடி ஆச்சு அதுக்கு?" என்றேன். "எந்திரிக்குது பாட்டி, கொஞ்சம் பொறு" என்றாள், வீட்டில் படுத்திருக்கிற பெரியவரைச் சொல்வது மாதிரி.

ஒரு வழியாக எழுந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து நான்கு பக்கம் அடித்தாள். நான் இஸ்திரிப் பெட்டிக்கு இடம் வேண்டும் என்று அந்த வயரைப் பிடுங்கினேன். பிடுங்கினதுதான் தாமதம், திரை கறுத்துவிட்டது. பேட்டரி செத்து ஆறு மாசம் ஆகிறதாம். எனக்கு யார் சொன்னார்கள்? நான்கு பக்கமும் போச்சு. அழுதாள் பார் ஒரு அழுகை. அவள் அப்பா ஓடி வந்து, "இந்தக் கருமத்த இன்னும் எதுக்குத் தூக்கிக்கிட்டுத் திரியுற? நான் புதுசு வாங்கித் தரேன்" என்று சத்தம் போட்டான். சொன்ன கையோடு போனில் படமும் காட்டினான். மெலிசாக, வெள்ளி நிறத்தில், தட்டு மாதிரி இருக்கிறது.

ஒன்றே ஒன்று, புதுசு இந்த வீட்டு மேஜையில்தான் இருக்குமாம். முதுகில் சுமந்துகொண்டு பஸ்ஸில் அலைய வேண்டாம் என்கிறான். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. நீ வீம்பு பிடிக்காமல், சரி என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

வழக்கம்போல லேப்டாப் பையில், வயர் வைக்கிற இடத்தில் இதை வைக்கிறேன். போனில் கேட்கலாம்தான். போனில் நாம் இரண்டு பேரும் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டைக்குப் போய்விடுகிறோம். எழுதினால் அடித்துத் திருத்தலாம்.

இப்படிக்கு,
அத்தை

*

வியாழன், பிப்ரவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாளைக்கு வாலு அங்கே வருகிறாள், அதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்று லேபில் இருந்தே எழுதுகிறேன். இன்று மட்டும் பத்து பேருக்குப் பல் செட் செய்ய வேண்டும். விரல் எல்லாம் மெழுகு. காகிதத்தில் கறை இருந்தால் மன்னிக்கவும்.

முதலில் சிக்கு. அவள் இடது பக்கமாகப் படுத்துத் தூங்குகிறாள், அதனால் வருகிறது. என் அவசரத்தால் இல்லை.

இரண்டாவது, வயரைப் பிடுங்கியது நீங்கள் என்று அவள் என்னிடம் சொல்லவே இல்லை. "கரண்ட் போயிடுச்சும்மா" என்றாள். உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பாட்டியைக் காட்டிக் கொடுக்கவில்லை, பாருங்கள்.

இப்போது லேப்டாப். அவளுக்கு ஒரு வயது இருக்கும்போது, நான் வேலைக்குத் திரும்பிய வருடம் வாங்கியது. பத்து வருடம் ஆகிறது. அதன்மேல் எனக்குப் பாசம் ஒன்றும் இல்லை. கேள்வி வேறு. புதியது அந்த மேஜையிலேயே இருந்தால், திங்கள் முதல் வெள்ளி வரை இவள் பள்ளி வேலையை எதில் செய்வாள்? முதலில், புதன்கிழமை மட்டும் இங்கே வரட்டும் என்பார் உங்கள் மகன். அப்புறம் பரீட்சை வாரம். அப்புறம், எதற்குத் தினமும் அலைய வேண்டும், இங்கேயே இருக்கட்டுமே என்பார். அவரை எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். உங்களுக்கு நாற்பது வருடமாகத் தெரியும். இல்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

பள்ளி நாட்களில் அவள் என் வீட்டில் தூங்கி என் வீட்டில் எழ வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான் அத்தை.

லேபில் கம்ப்யூட்டர் பார்க்க வருகிறவரிடம் கேட்டேன். உள்ளே சுற்றுகிற பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுற்றாத புது வகை போட வேண்டுமாம். மெமரி கூட்டி, பேட்டரி மாற்றினால் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடும் என்கிறார். இப்போது வந்திருக்கிற புது சிஸ்டம் மட்டும் இதில் ஏறாதாம். ஆகவே செலவு செய்வது வீணா, இல்லையா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. கூட வேலை செய்பவள் பிரசவத்துக்குப் போயிருப்பதால் எனக்கு அரை நாள் லீவுகூடக் கிடைக்காது.

அடுத்த இரண்டு வாரம் இவளுக்குப் பரீட்சை, கம்ப்யூட்டர் வேலை கிடையாது. லேப்டாப்பை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரித் துணி அறையில் எந்தப் படுக்கை விரிப்பைத் தைப்பது, எதைக் கண்டம் என்று எழுதிக் கழிப்பது என்று இருபத்தெட்டு வருடம் முடிவு செய்தவர் நீங்கள். அதே கண்ணால் இதையும் பாருங்கள். தைக்கலாம் என்றால் உங்கள் தெருவில் இருக்கிற ரிப்பேர் கடையில் கொடுத்துவிடுங்கள். கண்டம் என்றால் நானே தவணையில் ஒன்று வாங்கிவிடுகிறேன், அது இந்த வீட்டில் இருக்கும். நீங்கள் எது சொன்னாலும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
(நீங்கள் எழுதும்போது நான் எழுதக் கூடாதா?)

*

ஞாயிறு, பிப்ரவரி 23

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. நீ என்னிடம் ஒரு அபிப்பிராயம் கேட்டு எழுதியிருப்பது இதுதான் முதல் தடவை. கல்யாணமாகி வந்த புதிதில் குழம்புக்கு உப்புப் போதுமா என்றுகூட நீ கேட்டதில்லை. போகட்டும்.

கேட்டுவிட்டாய், ஆகவே ஒழுங்காகச் செய்தேன். சனிக்கிழமை முழுக்க அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான், ஆனால் துணி அறைப் படிவம் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். "இந்தம்மா கண்டம்னு எழுதினா கண்டம்தான், மேல கேள்வி கேக்காதீங்க" என்று பெரிய டாக்டரே ஸ்டோருக்குச் சொல்லியிருக்கிறார். அதே மாதிரி கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதினேன். உனக்கும் ஒரு நகல் எடுத்துக் கீழே எழுதியிருக்கிறேன்.

பொருள்: மடிக்கணினி, கறுப்பு, ஒன்று.
உபயோகத்துக்கு வந்து: பத்து வருஷம்.
நிலை: திறக்கத் தாமதம். பேட்டரி இல்லை. மூடியின் இடது கீல் ஆடுகிறது. ஒரு பித்தான் இல்லை, அந்த இடத்தில் ரப்பர் துண்டு.
யார் பொறுப்பில் இருந்தது: குழந்தையின் தாய்.
சேதத்துக்குக் காரணம்: கவனிப்புக் குறைவு.
முடிவு: கண்டம் இல்லை. தையலுக்கு அனுப்பலாம்.

பார்த்தாயா, உனக்குச் சாதகமாகத்தான் முடிவு எழுதியிருக்கிறேன். மகன் வாங்கித் தருகிறேன் என்கிறான் என்பதற்காக ஒட்டுப் போடக்கூடிய துணியைக் கிழித்துப் போட எனக்கு மனசு வராது.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் வந்து தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். "என்னம்மா, ஆபீஸர் மாதிரி எழுதியிருக்க! இத எனக்குக் குடு. ப்ராஜெக்ட் லேட்டாச்சுல்ல, ஸ்கூல்ல காட்டுறேன்" என்றான். இத்தனை வருஷத்தில் என் எழுத்தை அவன் புகழ்ந்ததே இல்லை. தேதி போட்டு, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வரும் வாரம் கடைக்குப் போகிறேன். கடைக்காரர் ஏதாவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வாலுவிடம் சொல்லி அனுப்பு. பரீட்சைக்கு அவளைப் படுத்தாதே.

இப்படிக்கு,
அத்தை

*

வியாழன், மார்ச் 6

அத்தைக்கு,

நீங்கள் அனுப்பிய நகலை அன்றே படித்தேன். "கவனிப்புக் குறைவு" என்ற இடத்தில் சுருக்கென்றது. பெரியவர், ஏதோ பழக்கத்தில் எழுதிவிட்டார் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை லேபுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. குழந்தை பள்ளி நாட்களில் தகப்பனிடம் இருக்க வேண்டும் என்று மனு. அம்மா வீட்டில் படிப்பதற்கு வசதி இல்லை, அம்மாவுக்குக் கவனம் இல்லை என்று மூன்று பக்கம். நான்காவது பக்கம் உங்கள் கையெழுத்து. கோடு போட்டு, கட்டம் கட்டி. யார் பொறுப்பில் இருந்தது, குழந்தையின் தாய். சேதத்துக்குக் காரணம், கவனிப்புக் குறைவு. கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்கள்.

கடைசி வரியில் நீங்கள் எழுதின முடிவின்மேல் வட்டம் இல்லை.

நான் கேட்டது லேப்டாப்பைப் பற்றி. நீங்கள் எழுதிக் கொடுத்தது என்னைப் பற்றி.

மார்ச் 25, பதினோரு மணிக்குக் குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர் கூப்பிட்டிருக்கிறார். அது வரைக்கும், அதற்கு அப்புறமும், கடிதம் வேண்டாம். முறைப்படி எந்த வாரம் வர வேண்டுமோ அந்த வாரம் வாலு வருவாள். அவள் பையில் துணி மட்டும் இருக்கும். லேப்டாப்பை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எறிந்துவிடுங்கள்.

*

ஞாயிறு, மார்ச் 9

அன்புள்ள மருமகளுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். ஒரு தடவை மட்டும் படித்துவிட்டு அப்புறம் கிழித்துப் போடு.

ஸ்டோரில் ஒரு கிளார்க் இருந்தான். சேதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் "பழசு" என்று எழுதினால் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவான். "பழசாப் போச்சுன்னா நான் யாரப் போய்க் கேக்குறது? ஆள் பேரு வேணும்மா, ஒரு தப்பு வேணும்" என்பான். அதனால் எல்லாப் படிவத்திலும் ஒரு நர்சின் பெயரைப் போட்டு, கவனிப்புக் குறைவு என்று எழுதுவோம். எழுதினால்தான் புது விரிப்பு வரும். அப்படி எத்தனை நர்சுகளை எழுதியிருக்கிறேன் தெரியுமா! ஒருத்திகூடக் கோபித்துக்கொண்டதில்லை. "இந்த வாரம் என் பேரா அக்கா? போடுங்க போடுங்க" என்று சிரிப்பார்கள். இருபத்தெட்டு வருஷம் எழுதி எழுதி அந்தப் பொய் என் கைக்குப் பழகிவிட்டது. அது உன் பெயருக்கு நேராகப் போய் உட்காருகிறது என்று எழுதும்போது என் மண்டையில் ஏறவே இல்லை. இதுதான் நடந்தது. இதற்கு மேல் நல்லதாக ஒரு காரணம் என்னிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவனைக் கேட்டேன்.

"ஸ்கூலுக்குன்னுதானடா அந்தத் தாள வாங்கின?"

"ஸ்கூலுக்கும்தான்."

"வாயில அடி. பொய் பேசாத."

"நீ எழுதினதுதானம்மா அது? நான் ஒரு எழுத்தாவது மாத்தினேனா?"

நான் எழுந்து போய்த் துணி மடிக்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். லிஃப்ட் கம்பெனியில் பத்துப் பேரை அதட்டுகிறவன், என் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் கையைத் தொடையில் தேய்க்கிறான். "எனக்கும் என் பொண்ணு வேணும்மா. மாசத்துல நாலு நாள் பாத்துட்டு எப்படி இருக்கிறது? ஒவ்வொரு தடவ வரும்போதும் ஒரு பல்லு புதுசா முளைச்சிருக்கு, ஒரு வார்த்த புதுசாப் பேசுது" என்றான். அது பொய் இல்லை. எனக்கு யாரைப் பார்த்து வருத்தப்படுவது என்றே தெரியவில்லை.

லேப்டாப்பை நான் எறியப் போவதில்லை. தையலுக்கு அனுப்பலாம் என்று எழுதியது நான். என் கையெழுத்து அந்த வரிக்கும் சேர்த்துத்தான்.

இதை வாலுவின் துவைத்த சட்டைக்குள் மடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
அத்தை

*

ஞாயிறு, மார்ச் 23

அன்புள்ள மருமகளுக்கு,

உன் பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை வாலுவின் பையை இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை கையை விட்டபோது, "அம்மா ஒண்ணும் தரல பாட்டி, சாக்ஸ்தான் இருக்கு" என்று அவளே சொல்லிவிட்டாள்.

லேப்டாப் தயார். அதை மட்டும் சொல்கிறேன்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டிருக்கிறார். நான் பையில் இருந்து எடுப்பதற்குள், "இது எதுக்கும்மா, புதுசு வாங்கிக்கிட்டுப் போங்க" என்றார்.

"புதுசு நீங்க விக்கிறீங்களா?"

"விக்கிறேன்."

"அப்போ நீங்க சொல்றதுல பாதிதான் எடுத்துக்குவேன். முதல்ல திறங்க."

சிரித்துவிட்டார். திறந்தார். காற்றாடியில் தூசி கம்பளி மாதிரி படிந்து கிடந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதினார், என் புடவையெல்லாம் தூசி. அப்புறம் பூதக்கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். புது சிஸ்டம் இதில் ஏறாது, அதற்கு நான் பொறுப்பில்லை என்று மூன்று தடவை சொன்னார். "பள்ளிக்கூட வேலைக்கு ஆகுமா, ஆகாதா?" என்றேன். "தாராளமா ஆகும். ரெண்டு வருஷம் ஓட்டலாம், அதுக்கு மேல நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார்.

எல்லாம் கழற்றி முடித்த பிறகு அவராகவே ஒரு வார்த்தை சொன்னார். "ஒண்ணு சொல்றேம்மா, பத்து வருஷ மெஷினுன்னு சொன்னாத்தான் தெரியும். கீழ விழுந்த அடி ஒண்ணு இல்ல. தண்ணி கொட்டின கறை இல்ல. யாரோ பொறுப்பா வெச்சிருந்திருக்காங்க."

"அத எழுதிக் குடுங்க."

"எத?"

"இப்ப சொன்னீங்களே, அத. பில்லுலயே எழுதுங்க. கையெழுத்தும் போடுங்க."

"பில்லுல அதெல்லாம் எதுக்கும்மா? போலீஸ் கேஸா?"

"எழுதுங்க சார்."

எழுதினார். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பித்தானை அமுக்கி எண்ணினேன். பதினான்கு எண்ணுவதற்குள் எழுந்துவிட்டது. வயரைப் பிடுங்கியும் பார்த்தேன். அணையவில்லை. வாலு நேற்று அதில் உட்கார்ந்து என்னை ஒரு படம் வரைந்தாள். காது பெரிதாக இருக்கிறது.

செலவைப் பற்றிப் பேச்சு எடுக்காதே. இன்றைக்கு இதை வாலுவிடம் கொடுத்து அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்கு இது வேண்டும். அவனோடு நானும் கோர்ட்டுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
அத்தை

*

புதன், மார்ச் 26

அன்புள்ள மருமகளுக்கு,

வாலு வருவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, அதனால் தபாலில் போடுகிறேன்.

நேற்று வராந்தாவில் நீ எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். என் மடியில் இருந்த பையைப் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை. நீ உள்ளே போய் வந்த பிறகு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். அங்கே நடந்ததை யாராவது சொன்னார்களோ இல்லையோ, என் வாயால் சொல்லிவிடுகிறேன்.

ஆலோசகர் அம்மா என் படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, "இது நீங்க எழுதினதா?" என்றார்.

"ஆமாம்மா. என் கையெழுத்துதான்."

"குழந்தையோட அம்மாவுக்குக் கவனிப்பு குறைவுன்னு எழுதியிருக்கீங்க."

"இல்லம்மா. அது ஸ்டோர் கிளார்க்குக்கு எழுதினது."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. விரிப்பு, நர்சு, கிளார்க், எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தேன். அந்தம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "அந்த கிளார்க் எல்லா ஆபீஸ்லயும் இருக்கான்மா. இங்கயும் ஒருத்தர் இருக்கார்" என்றார். நல்ல மனுஷி.

அப்புறம் லேப்டாப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "எண்ணுங்கம்மா" என்றேன். பித்தானை அமுக்கினேன். அவர் நிஜமாகவே சத்தமாக எண்ணினார். பதின்மூன்றில் வந்துவிட்டது. கடைக்காரர் பில்லையும் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான்.

துணி அறையில் ஒரு கட்டம் தப்பாகிவிட்டால் சுரண்டக் கூடாது, ஒரே கோடாக அடித்து, சரியானதை மேலே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளைக் கொடுங்கள், அடித்துத் திருத்தித் தருகிறேன் என்றேன். "ஐயோ, இதுல கை வைக்கக் கூடாதும்மா, தனியா எழுதுங்க" என்று வெள்ளைத் தாள் கொடுத்தார். முதலில் இருந்து எல்லாக் கட்டத்தையும் எழுதினேன். சேதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, பழசு என்று எழுதினேன்.

இனிமேல் எழுதுவது உனக்குப் பிடிக்காது. கடைசியில் அவர், "பள்ளிக்கூடம் விட்டு வந்தா வீட்ல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார். செவ்வாயும் வியாழனும் உனக்கு லேபில் ஏழு மணி ஆகிறது, அதுவரை பிள்ளை தனியாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். வாலு எனக்குச் சொன்னதுதான். உன்னைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எழுதின ஒரு பொய்யால்தான் இவ்வளவும் வந்தது, இன்னொன்றைச் சுமக்க என்னிடம் தெம்பு இல்லை. அவர் அதைக் குறித்துக்கொண்டார். அந்த இரண்டு நாளைக்கு நீ என்ன ஏற்பாடு செய்கிறாய் என்று பார்த்துத்தான் மேலே எழுதுவேன் என்றார். அதைத்தான் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்.

வெளியே வந்து பார்த்தால் பெஞ்சில் நீ இல்லை, அதனால் லேப்டாப்பை உன்னிடம் சேர்க்கச் சொல்லி அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் அவன், "நீ யார் பக்கம்மா?" என்றான். "நான் அந்த லேப்டாப் பக்கம்டா" என்றேன். அவன் சிரிக்கவில்லை. எனக்கும் வரவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், அறைக்குள் போய்விட்டான். இன்றைக்கும் ஒரு பேச்சு இல்லை. பேசுவான். எத்தனை நாளில் என்றுதான் தெரியவில்லை.

பதில் போடு என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. கேட்கவும் இல்லை.

இப்படிக்கு,
அத்தை

*

வியாழன், ஏப்ரல் 3

அன்புள்ள அத்தைக்கு,

லேப்டாப் வந்து சேர்ந்தது. நானும் எண்ணிப் பார்த்தேன். எனக்குப் பதினைந்து ஆனது. நான் வேகமாக எண்ணுகிறேன் என்று வாலு சொல்கிறாள்.

உங்கள் மூன்று கடிதங்களையும் படித்தேன். முதலாவதை உங்கள் பேச்சைக் கேட்டுக் கிழித்தேன், அப்புறம் ஒட்டினேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை ஆலோசகர் அன்று மாலையே போனில் சொல்லிவிட்டார், செவ்வாய் வியாழன் உட்பட. அதற்காகவும் ஒரு நாள் முழுக்க உங்கள்மேல் கோபமாக இருந்தேன். இரண்டு நாள் மாலையில் என் பெண் தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாததா? லேபில் மெழுகு உருக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தால் போதும் என்று ஒரு வருடம் ஓட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை ஆலோசகர் முன்னால் நானும் உங்கள் மகனும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டாயிற்று. அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். பள்ளி நாட்களில் அவள் இங்கேதான். மாதத்தில் இன்னொரு சனி ஞாயிறு அவருக்குக் கூடுதலாக இருக்கட்டும் என்று நானே சொன்னேன். மாதத்துக்கு நான்கு நாள் ஒரு அப்பாவுக்குப் போதாதுதான். வெள்ளி நிறத்தில் ஒன்று வாங்குவதானால் வாங்கட்டும், அது அந்த மேஜையிலேயே இருக்கட்டும். இது இங்கே இருக்கும். இனி அவள் எதையும் சுமக்க வேண்டாம்.

அந்த இரண்டு மாலைக்குப் பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பார் என்று எழுதிக் கொடுத்தேன். யார் என்று கேட்டார்கள். பாட்டி என்று எழுதினேன். உங்களைக் கேட்காமல்தான் எழுதினேன். நீங்களும் என்னைக் கேட்டுவிட்டு எழுதவில்லை. உங்கள் மகன் அந்த வரியை இரண்டு தடவை படித்தார், மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது போகட்டும் என்று காத்திருந்தால் இவள் காலேஜுக்குப் போய்விடுவாள்.

இவள் பையில் வருகிற கடைசிக் கடிதம் இது. இத்தனை நாளும் இவள் எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். உங்கள் கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழையைப் பென்சிலால் திருத்தி வைத்திருந்தாள், அதில்தான் பிடிபட்டாள். நாம் பேச வேண்டியதை இனி நேரில் பேசிக்கொள்வோம். சண்டை வந்தால் வரட்டும்.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு அவள் வருவாள். நீங்கள் மூன்றரைக்கே வந்துவிடுங்கள். சாவி இந்த உறையில் இருக்கிறது. பூட்டு கொஞ்சம் முரண்டு பண்ணும், கதவை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். இரண்டு மாடி. முதல் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன், உட்கார்ந்துவிட்டு ஏறுங்கள்.

உங்கள் மருமகள்